அத்தான் துவக்குப் பார்த்த பதினான்கு மாதங்கள்

என் அத்தான் அருமைநாதன் சுடுகிற துவக்கு ஒன்றைத் தெரிவு செய்யப் பதினான்கு மாதம் எடுத்தார். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியாது என்று அர்த்தம். தெரிந்தவர்கள், "பதினாலே மாசமோ? அப்ப ஆள் கெதிப்பட்டிட்டார்" என்பார்கள்.

அத்தான் என்றால் என் அக்கா ஜொய்சியின் கணவர். கியூபெக்கில், ரொக்ஸ்பரோவில், ஒரே வீட்டின் மேல்தட்டில் அவர்களும் கீழ்த்தட்டில் நானும் என் பிள்ளைகளும் இருக்கிறோம். லாசாலில் போத்தல் மூடி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அத்தான் இருபத்தேழு வருடம் வேலை செய்தவர். மூடி செய்வது இல்லை, மூடி பார்ப்பது. மணிக்கொரு தடவை இருபது மூடியை எடுத்து, அளந்து, திருகி, வெளிச்சத்தில் பிடித்து, சரியா பிழையா என்று சொல்ல வேண்டும். கெட்டிக்காரர்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணை மூடி வைக்க அவருக்குத் தெரியவில்லை.

தேத்தண்ணி வைக்கக் கேத்தில் ஒன்று வாங்கினால் மூன்று தரம் திருப்பிக் கொடுப்பார். பனிச் சப்பாத்து வாங்கப் போய் இடது காலில் ஒரு சோடியும் வலது காலில் இன்னொரு சோடியுமாகக் கடைக்குள்ளேயே ஒரு மணித்தியாலம் நடந்தார். கடைக்காரப் பெண் பயந்து மேலாளரைக் கூப்பிட்டாள். மகள் பிறந்தபோது முப்பது நாளுக்குள் பெயர் பதிய வேண்டும் என்றார்கள். இருபத்தொன்பதாம் நாளும் மனிதர் பதினொரு பெயரோடு இருந்தார். அக்கா பேனாவைப் பறித்து றொஷினி என்று எழுதி அனுப்பினாள். அக்காவையும் அவர் தெரிவு செய்யவில்லை. அவருடைய தாய் படத்தைப் பார்த்து, பேசி, முடித்து, விமானம் ஏற்றிவிட்டார். அவரிடமே விட்டிருந்தால் இன்றைக்கும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இந்த மனிதருக்குத் துவக்கு ஆசை வந்தது செலீனால். செலீன் அவரோடு ஒரே வரிசையில் வேலை செய்தவர், ஐம்பத்தெட்டு வயது, கியூபெக்காரி, பேச்சைவிடச் சிரிப்புக் கூட. நாங்கள் இருக்கிற நகரத் தீவுக்கு வெளியே ஒரு சுடும் கிளப்பில் உறுப்பினர். அத்தான் ஓய்வு பெற்ற வருடம், செப்டெம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, "வீட்டில் இருந்து என்ன செய்கிறாய், வா" என்று கூட்டிக்கொண்டு போனார். தன்னுடைய பழைய துவக்கைக் கையில் கொடுத்து ஐந்து வெடி வைக்கவிட்டார்.

வீட்டுக்கு வந்த அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டும்! கல்யாண வீடியோவில்கூட அந்த வெளிச்சம் இல்லை. நானே அந்த வீடியோவை நாலு தரம் பார்த்திருக்கிறேன்.

"லீவர் துவக்கு, பிள்ளை," என்றார் என்னிடம். "விசைக்குக் கீழ ஒரு இரும்பு வளையம் இருக்கு. விரலை விட்டுக் கீழ தள்ளி மேல இழுத்தால் சுட்ட ரவையின்ர வெத்துக் கோது வெளியில பாயும், அடுத்த ரவை உள்ள போய் இருக்கும். சின்ன ரவைதான். ஊசி நடுவில குத்தாது, விளிம்பில குத்தும். அதாலதான் ரிம்ஃபயர் எண்டு பேர்."

கண்டறியாத விளிம்பு! எனக்கு அக்காவின் நினைப்புத்தான் வந்தது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எண்பத்தேழில், ஊரில் சண்டை நடந்த காலத்தில், எங்கள் அண்ணை சேவியரைப் பக்கத்து ஒழுங்கையில் வைத்துச் சுட்டார்கள். சுட்டது யார் என்பதற்கு எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு கதை உண்டு. எனக்கு அப்போது ஆறு வயது, ஒன்றும் ஞாபகமில்லை. அக்காவுக்குப் பதினேழு. அவள் கிணற்றடியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டவள். இன்றைக்கும் தொலைக்காட்சியில் துவக்கைக் கண்டால் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள். கியூபெக்காரரின் பெருநாளான சென்-ஜோன் நாளில் அயல்வீட்டார் வெடி கொளுத்தினால் நிலக்கீழ் அறைக்கு இறங்கி, ஒரு துணியும் இல்லாமல் சலவை மெஷினைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நிற்பாள். அந்த வீட்டுக்குத்தான் அத்தான் துவக்கு கொண்டுவரப் பார்த்தார்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "துவக்குக்குப் பயம் எண்டு அகதி விசாரணையில சொல்லித்தானே இந்த நாட்டுக்குள்ள வந்தனீங்கள்? இப்ப கடையில போய்க் கேட்டு வாங்கப் போறியளோ?"

அத்தான் துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனார். பிரெஞ்சில் பரீட்சை எழுதி நல்ல புள்ளியோடு சித்தியடைந்தார். பிறகு அனுமதிப் பத்திரத்துக்கான படிவம் வந்தது. அதில் ஒரு இடத்தில் மனைவி கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காமலும் அனுப்பலாம், அப்போது பத்திரம் கொடுக்கிற அலுவலகத்தாரே மனைவியோடு தொடர்புகொண்டு விஷயத்தைச் சொல்வார்களாம். ஆனால் மனைவிக்குத் தெரியாமல் ஒரு சட்டைகூட வாங்காத மனிதர் அப்படியா அனுப்புவார்? படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் அக்காவுக்கு முன்னால் வைத்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

அக்கா அதைப் பார்க்கவே இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எந்தத் துவக்கு வாங்கப் போறியள் எண்டு முதல் முடிவெடுங்கோ. முடிவெடுத்திட்டுச் சொல்லுங்கோ. பேந்து வைக்கிறன் கையெழுத்து."

அத்தான் மலர்ந்து போனார். "அவ்வளவுதானே?" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடிவந்துவிட்டேன். அக்காவின் மூளையே மூளை. அவர் எந்தக் காலத்தில் ஒரு முடிவு எடுத்தார்? சிங்கத்தைக் கூட்டில் போட்டு, சாவியையும் சிங்கத்திடமே கொடுத்துவிட்டாள்!

பொம்பிளை பார்க்கும் படலம் தொடங்கியது. அப்படித்தான் நான் அதற்குப் பெயர் வைத்தேன். சனிக்கிழமைகளில் செலீனைக் கூட்டிக்கொண்டு கடைகளுக்குப் போவார். செலீனிடம் பத்திரம் இருந்ததால் கடைக்காரர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு துவக்கை எடுத்துக் காட்டினார்கள். இரண்டு மாதத்தில், பார்த்த ஏழு துவக்கு, ஐந்தாகி, ஐந்து, இரண்டாகியது. பிறகு இரண்டு, இரண்டாகவே நின்றது.

ஒன்று நீளம். பாரமும் கூட. வோல்நட் மரப் பிடி. பக்கத்தில் இருக்கிற ஆணியை ஒரு நாணயத்தால் திருகினால் இரண்டு துண்டாகக் கழன்று வரும். மற்றது கட்டை. பாரமில்லை. லீவரைக் கொஞ்சம் அசைத்தாலே காரியம் முடிந்துவிடும்; விசையும் லீவரோடு சேர்ந்து இறங்கி ஏறும். நான் முதலாவதுக்கு மூத்தவள் என்றும் இரண்டாவதுக்கு இளையவள் என்றும் பெயர் வைத்தேன். அத்தான் ஒரு கொப்பி வாங்கி, நடுவில் கோடு கீறி, இந்தப் பக்கம் ஒருத்தியையும் அந்தப் பக்கம் மற்றவளையும் எழுதினார். நீளம், எடை, மரத்தின் நிறம், குழாயில் எத்தனை ரவை பிடிக்கும் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. சாதகம் ஒன்றுதான் பார்க்கவில்லை.

"அத்தான், மூத்தவள் குடும்பப் பாங்கு. இளையவள் கொஞ்சம் துடுக்கு போல கிடக்கு," என்பேன்.

"பகிடி விடாதை அஜந்தா," என்பார், கொப்பியில் இருந்து கண்ணை எடுக்காமல். "இது விளையாட்டுச் சாமானில்லை."

நிலக்கீழ் அறையில் குடையைத் தோளில் வைத்து லீவர் இழுத்துப் பழகினார். குடைக்கு லீவர் ஏது? விரலைக் காற்றில் ஆட்டிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் என் சின்னவன் பார்த்துவிட்டு, பெரியப்பாவுக்கு என்ன வருத்தம் என்று பிரெஞ்சில் கேட்டான்.

மூன்றாம் மாதம் ஆபத்து வந்தது. "மூத்தவள்தான்" என்று அத்தான் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டார். நான் வைத்த பெயரையே அவரும் சொல்லப் பழகிவிட்டார், பாவம். அக்கா அன்றிரவு கீழே இறங்கி வந்தாள்.

"ஏதாவது ஒரு கேள்வி சொல்லடி. அந்தாள் யோசிக்கக்கூடிய கேள்வியாச் சொல்லு."

நான் கார்தரியில், சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்கிறவள். பிள்ளைகள் மத்தியானம் நித்திரை கொள்ளும் நேரத்தில் போனில் துவக்கைப் பற்றித் தேடினேன். இப்படி ஒரு வேலை செய்வேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. தேடிப் பிடித்த கேள்வியை அக்காவிடம் கொடுத்தேன். அவள் அடுப்பைப் பார்த்து நின்றபடியே கணவரிடம் கேட்டாள்: "உங்களுக்கு இடக்கை எல்லே? வெத்துக் கோது முகத்துக்குக் குறுக்கால பாயாதோ?"

முடிந்தது கதை. அத்தான் பேனாவை வைத்துவிட்டார். கோது எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்க்கவே ஆறு கிழமை போனது.

பிறகு இளையவள் பக்கம் சாய்ந்தார். அக்கா கேட்டாள்: "குளிருக்குக் கையுறை போட்டால் அந்தச் சின்ன வளையத்துக்குள்ள விரல் போகுமோ?" மனிதர் நாலு விதமான கையுறை வாங்கினார். மறுபடி மூத்தவள். "தோள்மூட்டு நோவெண்டு இரவிரவா முனகிறியள். இந்தப் பாரத்தைத் தூக்குவியளோ?" மறுபடி இளையவள். "அந்த ஆணி துலைஞ்சால் என்ன செய்வியள்?" "ஆணி மூத்தவளுக்கு, ஜொய்சி." "ஓ, அப்ப இளையவளுக்கு ஆணியே இல்லையோ? அது நல்லதோ கூடாதோ?" கடவுளே, அதற்கும் ஒரு மாதம் யோசித்தார்.

நானும் அக்காவும் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிந்தித்தான் பட்டது. முதலில் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டவள். பிறகு மேசையில் இருந்து கேட்டாள். கோடை காலத்தில் ஒரு நாள் நான் மேலே போனபோது, இருவரும் கொப்பிக்கு மேலே குனிந்திருந்தார்கள். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தபடி, "இந்தப் பிடி வழவழப்பா இருக்கும் போல" என்றாள்.

"அக்கா கேள்வி கேக்கிறா, பாத்தனியோ?" என்று அத்தான் அன்றைக்கு என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சுரீர் என்றது. நாங்கள் அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம், அவர் சந்தோஷப்படுகிறார். அதற்குப் பிறகு அக்காவுக்குக் கேள்வி தேடிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். "உனக்கு என்ன விசரோ?" என்று ஏசினாள். பிறகு தானே தேடத் தொடங்கினாள்.

அத்தானுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று நான் ஒரு நாள் நேரே கேட்டேன். கார் ஓட்டிக்கொண்டிருந்தேன், அவர் நெடுஞ்சாலையில் ஓட்ட மாட்டார், எந்தத் தடத்தில் போவது என்று முடிவெடுப்பதற்குள் வெளியேறும் பாதை போய்விடும்.

"எண்பத்தஞ்சில என்னைச் சுவரோட நிப்பாட்டி வைச்சவங்கள் பிள்ளை," என்றார். "அரை மணித்தியாலம். துவக்கின்ர வாயை மட்டும்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். பிறகு இஞ்ச வந்து நாப்பது வருஷம். நித்திரையில இன்னும் அந்த வாய்தான் வரும். செலீன்ர துவக்கைப் பிடிச்ச அண்டைக்குத்தான் அதுக்குப் பின்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறது தெரிஞ்சுது. பின்பக்கத்தில நிண்டால் அது வெறும் மரமும் இரும்பும்தான். அதை ஒருக்கா எண்டாலும் என்ர எண்டு சொல்லி வைச்சிருக்க வேணும்."

அன்றைக்கு வெளியேறும் பாதையைத் தவறவிட்டது நான்.

பதினான்காம் மாதம், நவம்பரில், ஒரு வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு நான் மேலே போயிருந்தேன். அத்தான் கையைக் கழுவி, துடைத்து, படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் பேனா.

"இளையவள்," என்றார்.

அக்கா சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தாள். "கையுறை?"

"மெல்லிசு வாங்கியாச்சு. விரல் போகுது."

"வெத்துக் கோது?"

"முகத்தில படேல்ல. செலீனைச் சுடச் சொல்லிப் பக்கத்தில நிண்டு பாத்தனான்."

"கட்டை எண்டால் குறி தவறாதோ?"

"தவறினால் தவறட்டும்."

தவறினால் தவறட்டுமா! இருபத்தேழு வருடம் மூடி பார்த்த வாயில் இருந்து அந்த வார்த்தை வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் பருப்பைப் பார்த்தேன்.

"நான் உங்களை ஏமாத்தினனான்," என்றாள் அக்கா, மெதுவாக. "நீங்கள் முடிவெடுக்க மாட்டியள் எண்டு நினைச்சுத்தான் அப்பிடிச் சொன்னனான். கேள்வியெல்லாம் அதுக்குத்தான். இவளும் சேந்துதான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"கையுறை கேக்கேக்கை."

"பேந்தேன் இவ்வளவு மாசம் பேசாமல் இருந்தனீங்கள்?"

அத்தான் படிவத்தின் மூலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "முப்பத்தொரு வருஷம் நீர் என்னோட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. டிவியில கண்டால் எழும்பிப் போவீர். ஒரு நாள் நீராக் கேள்வி கேட்டீர். பிறகு படத்தைப் பாத்தீர். நான் முடிவெடுத்தால் நீர் நிப்பாட்டிப்போடுவீர் எண்டு பயந்தனான். அதாலதான் இழுத்தனான். இனி இழுக்க ஏலாது, உம்மை ஏமாத்திற மாதிரிக் கிடக்கு. கையெழுத்து வைக்க வேண்டாம் எண்டால் வைக்க வேண்டாம். நான் கோவிக்க மாட்டன்."

கோதாரி, இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருக்க, நான் நடுவில் பிள்ளைகளின் நித்திரை நேரத்தில் துவக்கு படித்திருக்கிறேன்! கோபம் வந்தது. அதைவிடக் கூட அழுகை வந்தது.

அக்கா நீண்ட நேரம் சோற்றைக் குழைத்தாள். பிறகு கேட்டாள்: "சத்தம் எவ்வளவு கேக்கும்?"

அத்தான் கொப்பியைத் திறக்கவில்லை. திறந்து பயனில்லை. எடைக்கும் நீளத்துக்கும் நிறத்துக்கும் வரி இருந்த அந்தக் கொப்பியில் சத்தத்துக்கு ஒரு வரி இல்லை.

"அதை நான் எழுதேல்ல ஜொய்சி," என்றார். "எழுத மனம் வரேல்ல."

"அப்ப போய்க் கேப்பம்," என்றாள் அக்கா. எழும்பிக் கையைக் கழுவப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை மூவரும் போனோம். கிளப்பில் அன்றைக்குச் சின்ன ரவை மட்டும் சுடும் நாள். செலீன் வாசலில் நின்றார். அக்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, அத்தானைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். நானும் அக்காவும் காருக்குள் இருந்தோம். யன்னல்கள் எல்லாம் பூட்டு. சூடு ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வெடி கேட்டது. காய்ந்த கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அக்காவின் கை என் கையைப் பிடித்தது. நகம் பதிந்தது. இரண்டாவது, மூன்றாவது. அவள் கண்ணை மூடவில்லை. அஞ்சாறு வெடிக்குப் பிறகு கையை எடுத்து, தன் பக்க யன்னலை ஒரு விரல் அளவுக்கு இறக்கினாள். சத்தம் கொஞ்சம் கூடியது. பிறகு பாதி. பிறகு முழுவதும் இறக்கிவிட்டாள்.

"அக்கா, குளிருது," என்றேன்.

"பேசாமல் இரடி."

இருந்தேன். நவம்பர்க் குளிர் காருக்குள் வந்து குந்திக்கொண்டது. அக்கா முகத்தை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன; துடைக்கவில்லை. எனக்கு ஞாபகத்தில் இல்லாத ஒரு அண்ணையை அவள் அங்கே தனியாக வைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கிட்ட இருந்தும் என்னால் அதில் பங்கு எடுக்க முடியவில்லை. அது எனக்கு மிகவும் வலித்தது.

ஒரு மணித்தியாலம் கழித்து அத்தான் வந்தார். மூக்குச் சிவந்து, காது சிவந்து, சுட்ட காகிதத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.

"காட்டுங்கோ," என்றாள் அக்கா.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்த்தாள். "நடுவில ஒண்டும் இல்லையே," என்றாள். அத்தான் வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு அவர் பக்கமே திரும்பாமல், "படிவத்தைத் தாங்கோ," என்றாள்.

அவர் கோட்டுக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தார். கொண்டுவந்திருந்தார், பாருங்கள். அக்கா அதை மடியில் என் கைப்பையின் மேல் வைத்தாள்.

"துவக்கு வீட்டுக்கு வரக்கூடாது. செலீன்ர இரும்பு அலுமாரியில நிக்கட்டும்."

"ஓம்."

"சனிக்கிழமையில மட்டும்."

"ஓம் ஜொய்சி."

அவள் தன் பெயர் எழுத வேண்டிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். பேனா குளிரில் எழுதவில்லை. வாயால் ஊதிச் சூடாக்கினாள். எழுதுவதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தி, எங்கள் இருவரையும் பார்த்து, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னாள்:

"இந்த நாட்டில ஒராள் துவக்கு எடுக்கிறதுக்கு வீட்டுப் பொம்பிளையிட்டக் கேக்கினம். அங்க ஆரும் எங்களிட்டக் கேட்டவையோ?"

பிறகு ஜொய்சி அருமைநாதன் என்று ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்து வைத்தாள். அத்தான் யன்னலுக்கு வெளியே நின்றுகொண்டே அழுதார். நான் காரை எடுக்க வேண்டியவள்; ஆனாலும் கொஞ்ச நேரத்துக்கு எடுக்க முடியவில்லை.